தோலும் தோளும்: ஆணைப் பொருளாகப் பார்ப்பது என்றால் என்ன?

மாடிக்கு ஒரு பீரோவை ஏற்ற வேண்டும். எதிரே ஐந்து ஆண்கள் நிற்கிறார்கள். யாரைக் கூப்பிடுவீர்கள்?

யோசிக்கவே வேண்டியதில்லை. கண் நேராகப் போய் அகலமான தோள்களில் நிற்கும். "வாங்க, ஒரு கை பிடிங்க" என்போம். அந்த ஐவரில் ஒல்லியானவரைக் கூப்பிட நேர்ந்திருந்தால், "உங்களால முடியுமா?" என்று கூட ஒரு வார்த்தை கேட்டிருப்போம். அகலத் தோள்காரரிடம் அந்தக் கேள்வி வரவே இல்லை. அவருக்குப் போன மாதம் முதுகுத்தண்டில் பிரச்சினை வந்திருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது. தோள் தெரிகிறது.

விடுபட்டுப்போன அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"ஆண்களையும் பொருளாகப் பார்க்கிறார்கள்" என்று ஒரு தரப்பு சொல்லும். "அது எப்படி முடியும், பார்க்கிற இடத்தில் இருப்பவனே ஆண்தானே" என்று இன்னொரு தரப்பு சிரிக்கும். இரண்டு தரப்புக்கும் மனத்தில் இருப்பது ஒரே படம்: சட்டையில்லாத ஒரு விளம்பர மாடல். அந்தப் படம் மொத்தக் கதையில் பாதிதான். அதுவும் சின்னப் பாதி என்பது என் எண்ணம்.

## முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம்

பொருளாக்கம் என்பது, ஒரு மனிதரைத் தனக்கென்று மனமும் விருப்பமும் இல்லாத பண்டம்போல நடத்துவது. அழகை ரசிப்பது பொருளாக்கம் ஆகிவிடாது. உதவி கேட்பதும் ஆகாது.

இங்கே ஒரு குழப்பம் வரும். நாம் எல்லோரும் எல்லோரையும் பயன்படுத்திக்கொண்டுதானே இருக்கிறோம்? பேருந்து ஓட்டுநர் நம்மை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவிதானே? இந்த முடிச்சை ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1785-இல் எழுதிய அறநெறி நூலில் அவிழ்த்தார். மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்றார். எடை முழுக்க "வெறும்" என்ற சொல்லில் இருக்கிறது. ஓட்டுநரின் உழைப்பை நாம் பயன்படுத்தலாம். அவருக்குத் தூக்கம் வரும், பசிக்கும், "இன்று என்னால் முடியாது" என்று சொல்லும் உரிமையும் உண்டு என்பது நம் கணக்கில் இருக்கும்வரை சிக்கல் இல்லை.

1995-இல் அமெரிக்கத் தத்துவவாதி மார்த்தா நுஸ்பாம் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். ஒருவரைப் பொருளாக்குவதில் ஏழு கூறுகள் உண்டு என்றார். அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் நம் வேலைக்குப் போதும்: ஒருவரைக் கருவியாக நடத்துவது, இவர் போனால் இன்னொருவர் என்று மாற்றிக்கொள்ளக்கூடியவராக நடத்துவது, அவருடைய உணர்வைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே தப்பு என்றும் அவர் சொல்லவில்லை. அன்புக்குரியவரின் வயிற்றில் தலைவைத்துப் படுக்கிறோம். அந்த நேரத்துக்கு அவர் தலையணைதான். அவர் சம்மதித்திருக்கிறார், தலையணையைத் தாண்டி அவர் யாரென்று நமக்குத் தெரியும், அதனால் குற்றமில்லை.

"நாலு ஆள் அனுப்பு" என்று நாம் சொல்வதுண்டு. எந்த நாலு? அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மாற்றிக்கொள்ளக்கூடியவர் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை எந்தத் தத்துவ நூலிலும் தேடிப் பிடிக்க முடியாது.

## கண் ஒரு கேமரா இல்லை

அடுத்தது புலனுணர்வு. கண், காது, தோல் போன்றவை தரும் தகவலிலிருந்து மூளை கட்டி எழுப்பும் சித்திரத்துக்கு அந்தப் பெயர். "கட்டி எழுப்பும்" என்பதைக் கவனியுங்கள். வெளியே இருப்பது அப்படியே உள்ளே வருவதில்லை. பாதி தகவல், மீதி ஊகம்.

இதைக் காட்ட ஒரு பழைய படம் உண்டு. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். ஒரு கோடு குட்டையாகத் தெரியும். முல்லர்-லையர் என்பவர் 1889-இல் வெளியிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அளவுகோல் வைத்து அளந்து, இரண்டும் சமம் என்று உறுதிசெய்த பிறகும் அந்தக் கோடு குட்டையாகவேதான் தெரியும். நம் அறிவு கண்ணைத் திருத்துவதில்லை. இந்தக் கோட்டை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் மறுபடி தேவைப்படும்.

மனித முகங்களிலும் உடல்களிலும் இதே வேலைதான் நடக்கிறது, இன்னும் வேகமாக. 2006-இல் வில்லிஸ், தோதோரோவ் என்ற இரண்டு உளவியலாளர்கள் அறிமுகமில்லாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். நம்பத் தகுந்தவரா, திறமைசாலியா, முரடரா என்று கேட்டார்கள். வேண்டிய மட்டும் பார்த்துச் சொன்னவர்களின் பதிலும் இவர்களின் பதிலும் பெரும்பாலும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு அவ்வளவாக மாறவில்லை. தன் முடிவின்மீது இருந்த நம்பிக்கைதான் கூடியது! நம்மில் பலர் "நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்" என்று சொல்லும்போது நடப்பது இதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆண்களைப் பற்றிய ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு இதற்கும் முன்னால், 1920-இல் வந்துவிட்டது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். ஆனால் ஒன்றில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் மற்றதிலும் வாங்கினார், நம்பமுடியாத அளவுக்கு. உடல் கம்பீரமாக இருந்தால் குணமும் கம்பீரம் என்று எழுதிவிட்டார்கள். இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர்: கண்ணில் பட்ட ஒரு நல்ல தன்மையின் வெளிச்சம், பார்க்காத மற்றத் தன்மைகளின்மேலும் படிவது. "ஆள் பாதி ஆடை பாதி" என்று நம்மவர்கள் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். தார்ன்டைக் பார்த்த அதிகாரிகள் ஏறக்குறைய முழுசையும் கொடுத்துவிட்டார்கள்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை தொட்டுக்கொள்வோம். பொருளாக்கம் என்பது ஒருவரின் மனத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. புலனுணர்வு என்பது பாதி ஊகம். அந்த ஊகம் நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

## தீர்ப்பு சொல்லும் இடத்துக்குப் புலன் எப்படி வருகிறது?

அறத்தீர்ப்பு என்பது "இது சரி, இது தவறு, இவருக்கு இப்படிச் செய்யலாம், இதைச் செய்யக்கூடாது" என்று மனத்துக்குள் நாம் எடுக்கும் முடிவு. இதைப் பகுத்தறிவின் வேலை என்று நினைக்கிறோம். ஒரு நீதிபதியைக் கற்பனை செய்யுங்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், மேசைக்கு வந்த கோப்பை வைத்துத்தான் தீர்ப்பு எழுத முடியும். எந்தத் தாள் கோப்பில் சேர வேண்டும், எது வேண்டாம் என்று முடிவுசெய்யும் குமாஸ்தா வெளியே உட்கார்ந்திருக்கிறார். புலன்தான் அந்தக் குமாஸ்தா.

இதற்கு மிக வலுவான சான்று ஸ்டான்லி மில்கிராம் 1960-களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனைகள். மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்ன அந்தப் பிரபலமான சோதனைதான். அடுத்த அறையில் இருப்பவர் கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் விசையை அழுத்த வேண்டும். அதிர்ச்சி உண்மையில் கிடையாது, மறுபக்கம் இருந்தவர் நடித்தார். முதல் சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி விசையான 450 வோல்ட் வரை போனார்கள். அதாவது 65 சதவீதம். இந்த எண்ணோடு எல்லோரும் கதையை நிறுத்திவிடுகிறார்கள்.

நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த பகுதி. மில்கிராம் தூரத்தை மாற்றிப் பார்த்தார். குரல் தெளிவாகக் கேட்கும்படி வைத்தபோது 62.5 சதவீதம், பெரிய மாற்றமில்லை. அதே அறையில் கண்ணெதிரே உட்காரவைத்தபோது 40 சதவீதம். அவருடைய கையைத் தாமே பிடித்து மின்தகட்டில் அழுத்த வேண்டும் என்றபோது 30 சதவீதம். அறிவுரை எதுவும் மாறவில்லை, விதிகள் மாறவில்லை. கண்ணுக்கும் கைக்கும் அந்த மனிதர் எவ்வளவு அருகில் வந்தார் என்பது மட்டும்தான் மாறியது.

இந்தச் சோதனைகளின் நேர்மையைப் பற்றியும், பங்கேற்றவர்கள் எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்பதைப் பற்றியும் பின்னாளில் நிறைய விமர்சனங்கள் வந்தன. அவை நியாயமானவை. எனக்கு உறுத்துவது இன்னொன்று. இந்த நான்கு வகையிலும் விசையை அழுத்தியவர்களும் ஆண்கள், அதிர்ச்சி வாங்குபவராக நடித்தவரும் ஓர் ஆண். அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. "மனிதர்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

## மனத்துக்கு இரண்டு பாதிகள்

இப்போது உண்மையான இயங்குமுறைக்கு வருவோம்.

2007-இல் ஹெதர் கிரே, கர்ட் கிரே, டேனியல் வெக்னர் ஆகியோர் ஒரு கேள்வி கேட்டார்கள்: எதற்கெல்லாம் மனம் உண்டு என்று மக்கள் நினைக்கிறார்கள்? குழந்தை, நாய், ரோபோ, கடவுள், வளர்ந்த மனிதர் என்று பலவற்றை ஒப்பிடச் சொன்னார்கள். பதில்களை அலசியபோது, மக்கள் மனத்தை ஒன்றாகப் பார்க்கவில்லை, இரண்டாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. ஒன்று, திட்டமிடுவது, தன்னைக் கட்டுப்படுத்துவது, முடிவெடுப்பது. இதற்குச் "செய்யும் மனம்" என்று பெயர் வைத்துக்கொள்வோம். மற்றது, வலி, பசி, பயம், மகிழ்ச்சி. இது "உணரும் மனம்". குழந்தைக்கு இரண்டாவது நிறைய, முதலாவது குறைவு. ரோபோவுக்கு நேர் எதிர்.

இந்த இரண்டையும் வைத்துத்தான் நம் அறக் கணக்கு ஓடுகிறது. செய்யும் மனம் உள்ளவரைக் குற்றம் சொல்லலாம், பொறுப்பு கொடுக்கலாம். உணரும் மனம் உள்ளவருக்குத் தீங்கு செய்யக்கூடாது.

சரி, ஒருவரைப் பொருளாக்கும்போது எந்தப் பாதி போகிறது? இரண்டும் ஒன்றாகப் போகும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 2011-இல் கர்ட் கிரேயும் சக ஆய்வாளர்களும் ஆண்கள், பெண்கள் இருவரின் படங்களையும் வைத்துச் சோதித்தார்கள். முகம் மட்டும் தெரிந்தால் ஒரு மாதிரி, உடலும் தோலும் தெரிந்தால் வேறு மாதிரி மதிப்பிட்டார்கள். உடல் தெரிந்தபோது செய்யும் மனம் குறைத்து மதிப்பிடப்பட்டது, எதிர்பார்த்ததுதான். ஆனால் உணரும் மனம் கூடியது! உடல் வெளித்தெரியும்படி காட்டப்பட்டவருக்கு வலிக்கும்படி எதையும் செய்யப் பங்கேற்றவர்கள் அதிகம் தயங்கினார்கள்.

ஆக, சட்டையில்லாத மாடலைப் பார்க்கும் கண் அவரைக் கல்லாக்குவதில்லை. "பாவம், மென்மையானவர். ஆனால் மண்டையில் பெரிதாக ஒன்றும் இருக்காது" என்று ஆக்குகிறது. இதைத் தோலைப் பார்க்கும் கண் என்பேன்.

## தோளைப் பார்க்கும் கண்

பீரோ தூக்க ஆள் தேடிய கண் இதுவல்ல. அதற்குத் தோள்காரரின் தோல்மீது எந்த ஆர்வமும் இல்லை. எவ்வளவு சுமக்கும் என்பதில்தான் ஆர்வம். இங்கே போவது மற்றப் பாதி, உணரும் மனம்.

ஆஸ்திரேலிய உளவியலாளர் நிக் ஹாஸ்லம் 2006-இல் இப்படி ஒரு பிரிவைச் சொன்னார். மனிதத்தன்மையை மறுப்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, மனிதரை விலங்குபோலப் பார்ப்பது: அறிவில்லை, கட்டுப்பாடில்லை என்று. மற்றது இயந்திரம்போலப் பார்ப்பது: உணர்ச்சியில்லை, களைப்பில்லை, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று. நாம் இரண்டையும் கலந்தே பேசுகிறோம். "மாடு மாதிரி உழைக்கிறான்" என்பதில் வருவது விலங்குதான், ஆனால் பாராட்டப்படுவது அதன் உணர்ச்சியின்மை. அதையும் பாராட்டாகச் சொல்கிறோம். பாராட்டாக வருவதால்தான் யாரும் அதைப் பொருளாக்கம் என்று சந்தேகிப்பதில்லை.

உயரம், தோள், கனத்த குரல் ஆகியவற்றைக் கண்ணும் காதும் பலம் என்று படிக்கின்றன. அதுவரை தப்பில்லை, பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அடுத்த தாவல்தான் பிசகு: பலமானவருக்கு வலிக்காது. பலமாக இருந்தால் வலிக்காது என்று எந்த விதியும் இல்லை. ஆனாலும் மனம் தாவிவிடுகிறது. செய்யும் மனம் பெரிதாகத் தெரிந்தால் உணரும் மனம் சிறிதாகத் தெரியும் ஒரு தராசு நமக்குள் இருக்கிறது. டானியா ரெனால்ட்ஸும் சக ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பரிசோதித்தது. யார் செய்தது, யாருக்கு நேர்ந்தது என்று தெளிவில்லாத ஒரு தீங்கைப் பற்றிக் கேட்டால், பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருப்பார் என்று மனம் எளிதாக எடுத்துக்கொள்கிறது. ஆணைப் பாதிக்கப்பட்டவராகக் கற்பனை செய்வது அதைவிடக் கடினமாக இருந்தது.

இந்தத் தாவல் உயிரையும் எடுக்கும். 2017-இல் வில்சன், ஹூகன்பர்க், ரூல் ஆகியோர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், ஒரே உடல் அளவுள்ள கறுப்பின ஆண்களும் வெள்ளையின ஆண்களும் ஒப்பிடப்பட்டனர். பார்த்தவர்கள் கறுப்பின ஆண்களை இன்னும் பெரியவர்களாக, கனமானவர்களாக, பலசாலிகளாக மதிப்பிட்டார்கள். அவர்கள்மீது காவல்துறை பலத்தைப் பயன்படுத்துவது கூடுதல் நியாயம் என்றும் சொன்னார்கள். குமாஸ்தா கோப்பில் ஒரு பொய்யான அளவைச் சேர்த்துவிட்டார், நீதிபதி அதைப் படித்துத் தீர்ப்பு எழுதிவிட்டார். நீதிபதிக்குத் தான் பாரபட்சம் காட்டியதாகவே தோன்றாது. "பெரிய ஆளாக இருந்தான், அதனால்" என்பார்.

வரலாற்றில் இந்தக் கண் அளவுகோலோடு நின்ற இடம் ராணுவம். 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேரக் குறைந்தது ஐந்தடி மூன்று அங்குலம் இருக்க வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைசெய்து இறுகிய உடம்புக்காரர்கள்கூட உயரம் போதாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த ஆண்டின் இறுதிக்குள் ஆள் தேவை கூடிப்போனது. பர்க்கன்ஹெட் நகரில் தொடங்கி, குள்ளமான ஆண்களுக்கென்றே தனிப் படைப்பிரிவுகள் உருவாயின. அவற்றுக்கு வைத்த பெயர் பான்டம். அது ஒரு சின்னச் சேவல் வகையின் பெயர். நேற்று அங்குலக் கணக்கில் தள்ளுபடி, இன்று அங்குலக் கணக்கிலேயே சேர்க்கை. இரண்டு முறையும் அளக்கப்பட்டது ஒன்றுதான்.

சுருக்கிச் சொன்னால், தோலைப் பார்க்கும் கண் செய்யும் மனத்தைக் கழிக்கிறது, தோளைப் பார்க்கும் கண் உணரும் மனத்தைக் கழிக்கிறது. ஆண்கள் இரண்டுக்கும் ஆளாகிறார்கள் என்றாலும், அவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இரண்டாவதில் என்பதே என் வாதம்.

## சுற்றிவரும் சில பேச்சுகள்

"அப்படியானால் ஆணும் பெண்ணும் சமம், இருவருக்கும் ஒரே கஷ்டம்தான்" என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். தோலைப் பார்க்கும் கண் பெண்கள்மீதே மிக அதிகம் படிகிறது. அதன் பின்னால் பயமுறுத்தலும் வன்முறையும் வருவதும் அவர்களுக்கே அதிகம். வேறு வேறு பாதி போகிறது என்பது ஒரு விஷயம், எவ்வளவு போகிறது என்பது வேறு விஷயம்.

"கெட்ட நாற்றம் அடித்தாலே மனிதர்கள் கடுமையாகத் தீர்ப்பளிப்பார்கள்" என்பதும் நிறையப் பகிரப்படும் ஒன்று. 2008-இல் அப்படிச் சொன்ன ஓர் ஆய்வு வந்தது உண்மை. பிறகு 2015-இல் அதுபோன்ற பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது விளைவு மிகச் சிறியது, ஒருவேளை இல்லவே இல்லை என்று தெரியவந்தது. புலன் அறத்தைப் பாதிக்கிறது என்பதற்காக மூக்கில் ஏறுவதெல்லாம் தீர்ப்பை ஆட்டிவைக்கிறது என்று பொருளில்லை. தீர்ப்புக்கு உள்ளாகும் மனிதரைப் பற்றிப் புலன் என்ன சொல்கிறது என்பதுதான் கனமான விஷயம்.

அப்புறம், "பார்ப்பதே பாவம்". இதை நான் ஏற்கவில்லை. முல்லர்-லையர் கோடு குட்டையாகத் தெரிவதற்கு யாரையும் குற்றம்சொல்ல முடியாது. அளவுகோல் கையில் இருந்தும் அளக்காமல், குட்டைதான் என்று எழுதிக்கொடுத்தால் அது நம் பொறுப்பு. பீரோ விஷயத்தில் அளவுகோல் ரொம்ப மலிவானது. "உங்களால முடியுமா?" என்ற ஒரு கேள்வி.

## கண்ணாடி முன் நிற்பவர்

கடைசியாக ஒரு திருப்பம். பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒருவரேயானால்?

1997-இல் பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் இருவரும் பெண்களைப் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். தொடர்ந்து வெளியிலிருந்து பார்க்கப்படுபவர், நாளடைவில் அந்த வெளிக்கண்ணைத் தனக்குள் குடிவைத்துக்கொள்கிறார். தன் உடல் எப்படி உணர்கிறது என்பதைவிட எப்படித் தெரிகிறது என்பதே பெரிதாகிவிடுகிறது. இதற்குத் தன்பொருளாக்கம் என்று பெயர்.

அதே ஆண்டில், தசைகள் போதவில்லை என்ற எண்ணம் ஓயாமல் துரத்தும் ஆண்களைப் பற்றி மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். அந்த நிலைக்குத் தசைக்குறை மயக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நல்ல கட்டான உடம்பு இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் ஒல்லியாக, சின்னதாகத் தெரியும். 2013-இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டில் இதற்கும் இடம் கிடைத்தது. இப்படிப்பட்டவர்கள் மூட்டு வலித்தாலும் பயிற்சியை நிறுத்துவதில்லை, காயத்தோடும் எடை தூக்குவார்கள். பீரோ தூக்கச் சொன்ன அதே கண் உள்ளே குடியேறிவிட்டது. தன் தோளைப் பார்க்கிறார், தன் வலியை விட்டுவிடுகிறார்.

இவரிடம் போய் "நீங்க நல்லாத்தானே இருக்கீங்க" என்று சொல்லிப் பாருங்கள். தலையாட்டுவார். டேப் எடுத்து மார்பை அளந்தும் காட்டலாம், எண்ணை ஒத்துக்கொள்வார். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்புவார். கோடு குட்டையாகவே தெரியும்.